உயரம் குறைவா, ஆட்டம் குறைவா?

இலங்கைத் தேசிய கூடைப்பந்தாட்ட அணி வெளிநாட்டுக்குப் போனால் ஏன் பெரிய வித்தியாசத்தில் தோற்று வருகிறது, நமது ஆட்களுக்கு உயரம் போதாததுதான் காரணமா, நல்ல வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் ஒருவரைக் கொண்டுவந்தால் நிலைமை மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: பாடசாலை வயதில் இவ்வளவு நன்றாக விளையாடுகிற பிள்ளைகள் பிறகு எங்கே போய்விடுகிறார்கள்? நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் கிடக்கிறது.

நான் திருகோணமலையில் உடற்கல்வி ஆசிரியனாக 28 வருடம் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் நாலு பின்னேரம் கோர்ட்டில்தான் நிற்கிறேன். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குள் நான் இருந்ததில்லை. என்னிடம் பழகிய இரண்டு மூன்று பிள்ளைகள் தேசியக் குழாம் வரை போய்த் திரும்பி வந்து சொன்னவற்றைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே தேர்வாளர்களின் மேசையில் என்ன பேசப்படுகிறது என்பதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கீழே, சிமெந்துத் தரையில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறதோ அதைச் சொல்கிறேன்.

முதலில், எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். கூடைப்பந்தில் ஒரு பிள்ளை பதினாறு வயதுவரை கற்பது கை வேலையும் கால் வேலையும்தான்: டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வது), பாஸ், லேஅப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எழும்பிப் போடுவது), எதிரணியைத் தடுக்கும்போது பக்கவாட்டில் வழுக்கிப் போவது. அதை ஒரு நல்ல ஆசிரியர் நாலு பந்தும் ஒரு ரிங்கும் வைத்துப் பழக்கிவிடலாம். பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில் கற்பது வேறு. எதிரணி ஆள் எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறான், உதவிக்கு வருபவன் ஒரு அடி முந்திவிட்டானா, இப்போது எறிவதா, இன்னொரு பாஸ் போடுவதா என்று அரை நொடியில் முடிவெடுக்கிற புத்தி அந்த வயதில்தான் ஏறுகிறது. அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்க முடியாது. எதிரே முன்பின் தெரியாத ஆள் வேண்டும், புள்ளிப்பலகை வேண்டும், தோற்றால் இரவு நித்திரை வராத ஆட்டம் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டங்கள் நிறைய வேண்டும். நம்மிடம் இல்லாதது அந்த ஆட்டங்கள்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடசாலைப் போட்டிகள் வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறும். பெரும்பாலும் நொக் அவுட் முறை, ஒரு தடவை தோற்றால் வெளியே. பதினாறு அணி நொக் அவுட்டில் விளையாடினால் மொத்தமே 15 ஆட்டம். அதில் எட்டு அணிகள் ஒரே ஒரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகும். அதே பதினாறு அணிகளை நாலு நாலாகப் பிரித்துக் குழுவுக்குள் எல்லோரையும் எல்லோரோடும் மோத விட்டால், முதற்சுற்றில் மட்டும் 24 ஆட்டம் வரும். எந்தப் பிள்ளையும் மூன்று ஆட்டத்துக்குக் குறைந்து திரும்பாது. செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் பிள்ளைகளைக் கொண்டுபோய், காலை பத்து மணிக்கு ஒரு ஆட்டம் ஆடவைத்து, பதினொன்றரைக்குச் சப்பாத்தைக் கழற்றி பையில் வைக்கச் சொன்ன ஆசிரியனுக்குத் தெரியும் எது உண்மையான செலவு என்று. திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டான், "சேர், அடுத்த மெட்ச் எப்ப?" அடுத்த வருடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னிடம் ஒரு பெடியன் இருந்தான். பெயர் வேண்டாம். பதினேழு வயதில் ஆறடி மூன்றங்குலம். அந்த உயரத்துக்கு அபூர்வமான மெல்லிய கை; பந்தைப் பிடித்தால் சத்தமே கேட்காது. கடற்காற்றிலும் பிரீ த்ரோ பத்துக்கு ஏழு விழுத்துவான். உயர்தரப் பரீட்சை நெருங்கியதும் தாய் ஒரு பின்னேரம் கோர்ட்டுக்கு வந்தார். "சேர், இவனுக்கு இந்த வருசம் ஏஎல். பந்தைக் கொஞ்ச நாளைக்கு விட்டிடச் சொல்லுங்கோ" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. கொஞ்ச நாளைக்கு என்று விட்டவன் திரும்பி வரவில்லை. பரீட்சை முடிந்து வந்திருந்தால் அவன் எங்கே விளையாடியிருப்பான்? பாடசாலை அணியில் வயது கடந்துவிடும். ஊரில் கழகம் என்று சொல்லத்தக்க கூடைப்பந்துக் கழகம் கிடையாது. உதைபந்தாட்டத்துக்கு உண்டு, மைதானமும் உண்டு, பார்க்கச் சனமும் உண்டு. இப்போது அவன் கட்டாரில் வேலை செய்கிறான். பதினெட்டு வயதில் நின்றுபோன விளையாட்டுக்காரன் அவன். நீங்கள் கேட்ட பிள்ளைகள் போன இடம் இதுதான். ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள்.

கொழும்பில் நிலைமை சற்று வேறு. அங்கே கழகங்கள் உண்டு, உள்ளரங்கு உண்டு, பெரிய பாடசாலைகளில் சம்பளத்துக்குப் பயிற்றுவிப்பாளர்கள் உண்டு. நாடு முழுவதும் பார்த்தால், பாடசாலைக்குப் பிறகு பந்தை விடாமல் இருக்கச் சோறு போடுகிற இடம் முப்படைகள்தான். இராணுவம், விமானப்படை, கடற்படை அணிகள் உள்ளூர்ப் போட்டிகளில் மேலே நிற்பதற்குக் காரணம் அதுவே: மாதச் சம்பளம், தங்குமிடம், தினமும் பயிற்சி. அதைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் தேசிய அணியே இருக்காது. ஆனால் வடக்கு, கிழக்குத் தமிழ்ப் பிள்ளைகள் அந்த வாசலால் போவது மிகவும் அரிது. காரணத்தை இங்கே விளக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியென்றால் அவர்களுக்கு இரண்டாவது வாசல் ஒன்று வேண்டும். பல்கலைக்கழகம், வங்கி, தனியார் நிறுவனம் என எதுவாகவும் இருக்கலாம். இன்று அது போதுமான அளவு இல்லை.

மொழியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடைப்பந்தில் ஒரு டைம் அவுட் ஒரு நிமிடம். அந்த அறுபது நொடியில் பயிற்றுவிப்பாளர் பலகையில் கோடு போட்டு, நாலு வசனம் சொல்லி, ஆட்களை மாற்றி அனுப்ப வேண்டும். குழாமுக்குப் போன என் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "சேர், சிங்களத்தில சொல்லுறது முழுக்க விளங்காது. மற்றவையைப் பாத்து ஓடுவன்." மற்றவர்களைப் பார்த்து ஓடுபவள் எப்போதும் அரை நொடி பிந்துவாள். அரை நொடி பிந்துபவளை எந்தத் தேர்வாளரும் மெதுவானவள் என்றுதான் எழுதுவார். இதற்கு மருந்து பெரிய காரியம் இல்லை. முகாமில் இரு மொழியும் தெரிந்த உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் இருந்தால் போதும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கிழக்கில் கூடைப்பந்து வேரூன்றியது அமெரிக்க இயேசு சபைத் துறவிகளால். மட்டக்களப்பில் வெபர் மைதானம் என்று நாம் சொல்வது அப்படி வந்த ஒரு குருவின் பெயரால். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் லூசியானாவிலிருந்து வந்த யூஜின் ஹேபியர் அடிகளார் கற்பித்தார், பந்தும் பழக்கினார். 1948இல் இலங்கைக்கு வந்தவர். சிமெந்துத் தரையில் பழகிய திருமலைப் பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்தில் கொழும்புப் பாடசாலைகளை வென்ற காலம் அது. பிறகு அவர் மட்டக்களப்பில் பணியாற்றினார். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல் போனார். இன்றுவரை திரும்பவில்லை. அவரைப் பற்றி எழுதும்போது எனக்குத் துக்கம் வருகிறது, ஆனால் துக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்றையவர்களைவிட உயரமானவர்கள் இல்லை. சாப்பாடும் இதைவிட நல்ல சாப்பாடு இல்லை. அவர்களுக்கு இருந்தது வருடக்கணக்காக ஊரை விட்டு மாறாமல் நின்ற ஒரு பயிற்றுவிப்பாளர். போர் நம்மிடமிருந்து எடுத்தவற்றில் இதுவும் ஒன்று: அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போக வேண்டிய பயிற்சி நடுவில் அறுந்தது. பழக்கத் தெரிந்த தலைமுறையில் ஒரு பகுதி கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறது.

இனி ஆட்டத்துக்குள் வருவோம். தேசிய அணி தோற்கும் ஆட்டங்களைப் பார்த்தால் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்பத் தெரியும், மூன்றுக்கும் வேர் நமது கோர்ட்டுகளில்தான் இருக்கிறது. முதலாவது, தூரத்து எறிதல். மூன்று புள்ளிக் கோடு ரிங்கிலிருந்து 6.75 மீற்றர். திருகோணமலையில் மே மாதம் தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பர் வரை கச்சான் காற்று. பின்னேரம் நாலரைக்கு நீங்கள் எறியும் பந்து அரைச் சாண் விலகிப் போகும். வாடையில் மழை, கோர்ட்டில் தண்ணீர். திறந்த வெளியில் வளரும் பிள்ளை தன் எறிதலை நம்பக் கற்பதில்லை. உள்ளே புகுந்து லேஅப் போடக் கற்கிறது. பாடசாலை மட்டத்தில் அது போதும், வென்றுவிடலாம். வெளிநாட்டு அணி ரிங்குக்குக் கீழே மூன்று பேரை நிறுத்தி, வெளியில் நிற்பவனைப் பார்த்து "எறி" என்று விட்டுவிட்டால் நமது ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது, 24 நொடி மணிக்கூடு. 2000ஆம் ஆண்டிலிருந்து சர்வதேச விதிப்படி ஒரு அணி பந்தை எடுத்து 24 நொடிக்குள் எறிய வேண்டும். நமது பாடசாலைக் கோர்ட்டுகளில் அந்தக் கருவி இருப்பது மிகக் குறைவு. ஆகவே பிள்ளை பந்தை வைத்துக்கொண்டு, சுற்றிப் பார்த்து, தனக்குப் பிடித்த இடம் வரும்வரை காத்திருந்து பழகுகிறது. சர்வதேச ஆட்டத்தில் முதல் எட்டு நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். அழுத்திக் காக்கும் அணி அந்த எட்டையும் தின்றுவிடும். மிச்சம் பதினாறு. அதற்குள் ஒரு திட்டம் பலிக்காமல் இரண்டாவது திட்டத்துக்குப் போகத் தெரியாவிட்டால், கடைசி மூன்று நொடியில் கை போன பக்கம் எறிய வேண்டியதுதான்.

மூன்றாவது, உடல் மோதல். நமது உள்ளூர் நடுவர்கள் தோள் உரசினாலும் விசில் ஊதுகிறார்கள். வெளியே அப்படி இல்லை. இடம் பிடித்து நிற்பவன் மேல் சாய்வதை அங்கே விளையாட்டின் பகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். நமது பிள்ளை முதல் காற்பகுதியில் பௌல் கிடைக்கும் என்று நடுவரின் முகத்தைப் பார்த்தபடி நிற்க, அதற்குள் எதிரணி மறுபக்கம் ஓடிப்போய்ப் புள்ளி எடுத்துவிடும். நடுவர்களின் தரத்தை உயர்த்தாமல் விளையாட்டுக்காரரின் தரத்தை உயர்த்த முடியாது என்பதை இந்த 28 வருடத்தில் மெதுவாகத்தான் கற்றேன். ஆரம்பத்தில் நானும் நடுவரோடு சண்டை பிடித்தவன்.

உயரத்துக்கு வருகிறேன். இங்கே நான் உறுதியாகப் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறேன். ரிங் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும்வரை உயரம் இலாபம்தான். ரீபவுண்டில், அதாவது விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதில், நாம் இழப்பதில் ஒரு பங்கு உயரத்தால் வருகிறது. ஆனால் முழுத் தோல்வியையும் அதன் தலையில் போடுவதை நான் ஏற்க மாட்டேன். பக்கத்து விளையாட்டைப் பாருங்கள். வலைப்பந்தில் இதே நாடு, இதே சோறு, இதே பாடசாலைகள். 2018இலும் 2022இலும் சிங்கப்பூரில் ஆசியச் சம்பியன். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2 மீற்றர் 8 சென்ரிமீற்றர். அப்படி ஒருவர் இந்த மண்ணில் பிறந்தார், கண்டெடுக்கப்பட்டார், வளர்க்கப்பட்டார். ஆசிய வலைப்பந்தில் சீனா, ஜப்பான் போன்ற நாடுகள் கூடைப்பந்தில் இருக்கும் பலத்தோடு இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என்றாலும் ஏறக்குறைய எல்லாப் பெண்கள் பாடசாலையிலும் வலைப்பந்து விளையாடப்படுகிறது. ஆள் நிறைய விளையாடினால் உயரமான ஆளும் கண்ணில் படும்.

உயரம் குறைந்தவர்கள் எப்படி வெல்வது என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள் அணி, தன்னைவிட மிகவும் உயரமான அணிகளைத் தாண்டி வெள்ளிப் பதக்கம் எடுத்தது. பயிற்றுவிப்பாளர் டொம் ஹோவாஸ். முறை எளிமையானது, கணக்கும் எளிமையானது. மூன்று புள்ளி எறிதலில் மூன்றில் ஒன்று விழுந்தால், இரண்டு புள்ளி எறிதலில் பாதி விழுந்ததற்குச் சமம். ரிங்குக்குக் கீழே உயரமானவனோடு மல்லுக்கட்டிப் பாதியை விழுத்துவதைவிட, வேகமாக ஓடி, பந்தை இரண்டு பாஸில் சுற்றி, வெளியே தனியாக நிற்பவளிடம் கொடுப்பது சின்ன அணிக்கு இலகு. பிறகு அதே மனிதர் ஆண்கள் அணியை எடுத்தார். 2023 உலகக் கிண்ணத்தில் பின்லாந்து, வெனிசுவேலா, கேப் வேர்ட் என மூன்று அணிகளை வென்று, ஆசியாவிலிருந்து நேரடியாகப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். அந்த அணியில் யூக்கி கவாமுரா என்ற பந்து கொண்டுவரும் ஆட்டக்காரர் ஏறக்குறைய 172 சென்ரிமீற்றர். எங்கள் பாடசாலையில் என்றால் உயரம் போதாது என்று அவரை வெளியே உட்காரவைத்திருப்போம்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நாமும் ஒரு ஹோவாஸைக் கொண்டுவந்தால் போதுமே என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் கதை ஹோவாஸிலிருந்து தொடங்கவில்லை. அங்கே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு ஆண்கள் லீக் இருந்தன. அந்தச் சண்டையைத் தீர்க்காததற்காக 2014இல் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஜப்பானைத் தடைசெய்தது. உதைபந்தாட்ட லீக்கைக் கட்டிய சபுரோ கவாபுச்சியை அழைத்துவந்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 2016இல் புதிய லீக் ஆரம்பமானது. அதன் பிறகும் 2019 உலகக் கிண்ணத்தில் ஐந்து ஆட்டத்திலும் தோற்றார்கள். தோக்கியோவில் ஆண்கள் மூன்றிலும் தோற்றார்கள். லீக் தொடங்கி ஏழு வருடம் கழித்துத்தான் அந்த மூன்று வெற்றி. பயிற்றுவிப்பாளர் முக்கியம், ஆனால் அவர் கையில் கொடுக்க வாரா வாரம் ஆடிப் பழகிய ஆட்கள் இருக்க வேண்டும். ஆட்கள் இருந்தும், சேர்ந்து ஆடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2004 ஏதென்ஸில் அமெரிக்கா: தொழில்முறை ஆட்டக்காரர்களோடு போய், புவேர்ட்டோ ரிக்கோவிடம் 73க்கு 92 என்று தோற்றது. அடுத்த வருடம் முழுப் பொறுப்பையும் ஜெரி கொலாஞ்செலோ என்ற நிர்வாகியிடம் கொடுத்தார்கள். மூன்று வருடத்துக்கு வாக்குக் கொடுப்பவன்தான் அணிக்கு வரலாம் என்று அவர் வைத்தார். 2008இல் தங்கம். நமது முறை போட்டிக்குச் சில வாரம் முன் குழாமைக் கூட்டுவது, போட்டி முடிந்ததும் கலைப்பது. அமெரிக்காவுக்கே சரிவராதது நமக்கு எப்படிச் சரிவரும்?

புலம்பெயர்ந்த பிள்ளைகளை எடுக்கலாமே என்பதும் அடிக்கடி வரும் யோசனை. தெற்கு சூடானைக் காட்டுவார்கள். 2011இல் சுதந்திரம் பெற்ற நாடு, அந்த அணி எழும்பிய நாட்களில் அங்கே ஒழுங்கான உள்ளரங்கு ஒன்றுகூட இருக்கவில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் சீனாவை 89க்கு 69 என்று வென்றது, 2024இல் இலண்டனில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் ஒரே ஒரு புள்ளியால்தான் தோற்றது. அவர்களில் பெரும்பாலானோர் அகதிகளாகப் போய் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தவர்கள். லூவோல் டெங் என்ற, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏயின் முன்னாள் ஆட்டக்காரர் சம்மேளனத் தலைவராக நின்று, சொந்தப் பணத்தையும் போட்டுக் கட்டிய அணி அது. ரொறன்ரோவில் பந்தோடு வளரும் நமது பிள்ளைகள் ஏராளம். எனக்கு அந்த ஆசை உண்டு. ஆனால் விதி ஒன்றைக் கவனியுங்கள்: பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர் அணியில் ஒருவர் மட்டுமே இருக்கலாம். பெற்றோரால் உரிமை இருந்தும் பதினாறுக்கு முன் கோராமல் விட்டவருக்கும் அதே கட்டுப்பாடு பொருந்தும். ஆகவே இது பதினெட்டு வயதில் யோசிக்கிற காரியமில்லை. பத்து வயதுப் பிள்ளையின் பெற்றோர் இலங்கைக் குடியுரிமைப் பத்திரம் எடுக்கிறார்களா என்பதில் நிற்கிறது. அந்த வழி எத்தனை பேரைக் கொண்டுவரும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். வந்தாலும் இரண்டு மூன்று பேர் வருவார்கள். உள்ளூர் லீக்கின் இடத்தை அது நிரப்பாது.

சரி, என்ன செய்யலாம்? மேலிருந்து செய்ய வேண்டியவை எளிதாகச் சொல்லிவிடலாம்: பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வரைக்கான மாகாண லீக், வருடம் முழுவதும் கலையாத குழாம், தெற்காசியாவுக்குள் அடிக்கடி பயிற்சி ஆட்டம். 2019 தெற்காசிய விளையாட்டு விழாவில் நமது ஆண்கள் இறுதிவரை போய் இந்தியாவிடம் தோற்றார்கள். இந்தியாவை நாம் சந்திப்பது பதக்க மேடைக்கு முன் மட்டும்தான் என்றால் இடைவெளி எப்படிக் குறையும்? சென்னையும் கோயம்புத்தூரும் கூடைப்பந்து ஊர்கள். கொழும்பிலிருந்து விமானத்தில் ஒரு மணித்தியாலத்துச் சொச்சம். மொழிப் பிரச்சினையும் நமது பிள்ளைகளுக்கு இல்லை.

எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது மூவருக்கு மூவர் ஆட்டத்தில். அரைக் கோர்ட், ஒரு ரிங், ஒரு அணிக்கு மாற்று ஆளோடு நாலு பேர். பத்து நிமிடம் அல்லது முதலில் 21 எடுப்பவர் வெற்றி. எறிய 12 நொடிதான், ஆகவே முடிவெடுக்கிற புத்தி தானாகவே கூர்மையாகும். ஒரு பின்னேரத்தில் ஒரு பிள்ளை நாலு ஆட்டம் ஆடலாம். தோக்கியோவில் அது முதன்முறை ஒலிம்பிக்குக்கு வந்தபோது ஆண்கள் தங்கம் எடுத்தது லற்வியா. இருபது இலட்சம் சனம்கூட இல்லாத நாடு. 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கையும் இந்த ஆட்டத்தில் பங்குபற்றியது. நாம் உலகத்தோடு நெருங்கக்கூடிய கதவு ஏதாவது இருந்தால் அது இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் ஆண் பிள்ளைகளைவிட இரண்டு வருடம் முன்பே நின்றுவிடுகிறார்கள். சாதாரண தரம் முடிந்ததும் பாதிப் பேர் வரமாட்டார்கள். பயிற்சி ஆறரைக்கு முடிந்தால் இருட்டிவிடும், டியூசன், பக்கத்து வீட்டுப் பேச்சு. நான் பயிற்சியைக் காலை ஐந்தரைக்கு மாற்றிப் பார்த்தேன். தகப்பன்மார் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட்டுப் போனார்கள். அந்த வருடம் ஒருத்திகூட விளையாட்டை விடவில்லை. இப்படிச் சின்ன மாற்றங்கள் எவ்வளவோ இருக்கின்றன, ஒருவருக்கும் பணம் தேவைப்படாதவை.

நாங்கள் இங்கே செய்ததைச் சொல்கிறேன். போன வருடம் நகரத்திலும் சுற்றிலும் இருந்து ஆறு அணிகளைச் சேர்த்து ஞாயிறு லீக் ஒன்று ஆரம்பித்தோம். பாடசாலை விட்டவர்களுக்கும் இடம் உண்டு. வங்கியில் வேலை செய்யும் ஒருவரும், இரண்டு மீன்பிடிக்காரப் பெடியளும் ஆடினார்கள். ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடும் இரண்டு முறை மோதியது. ஆளுக்குப் பத்து ஆட்டம், மொத்தம் 30. கிண்ணம் வாங்கவில்லை. சேர்ந்த காசை நடுவர்களின் பஸ் காசுக்கும் இரண்டு நல்ல பந்துக்கும் கொடுத்தோம். 24 நொடிக்கு ஒரு பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டு, எட்டு மிச்சம் இருக்கும்போது உரக்கக் கத்துவாள். பதினைந்து வயதுக்குக் கீழ் ஆடுபவர்கள் ரிங்குக்குக் கீழே கூட்டமாக நிற்கும் காப்பை ஆடக்கூடாது, ஆளுக்கு ஆள்தான் காக்க வேண்டும் என்று வைத்தோம். முதல் மூன்று ஞாயிறும் ஆட்டங்கள் பார்க்கக் கண்றாவியாக இருந்தன. ஏழாவது ஞாயிறில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எறிவதுபோல் கையைத் தூக்கி, காப்பவன் எழும்பியதும் பின்னால் திரும்பிப் பார்க்காமலே மூலைக்குப் பாஸ் போட்டான். அதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. வெளிநாட்டில் இருந்து உதவ நினைப்பவர் என்றால், ஜேர்சி அனுப்ப வேண்டாம், அது நிறைய இருக்கிறது. இரண்டு பக்கமும் பூட்டக்கூடிய 24 நொடி மணிக்கூடு ஒரு சோடியும், ஒரு வருடத்துக்கான நடுவர் பஸ் காசும்தான் எங்களுக்குத் தட்டுப்பாடு. ஊரில் இருப்பவர் என்றால், மாரி மழை விட்டபின் பெப்ரவரியில் அடுத்த சுற்று ஆரம்பம். எட்டு அணி ஆக்கப் பார்க்கிறோம், இரண்டு அணிக்கு இன்னும் ஆள் தேடுகிறோம்.